பெருவுக்கு மே மாசம்... திருச்சுழிக்கு?

தென் அமெரிக்காவுல இருக்கிற பெரு நாட்டுக்கு எந்த மாசம் போகலாம், மச்சு பிச்சு மலைக்கு எப்போ போனா மழையில மாட்டாம திரும்பலாம்னு போன தடவை எழுதினதுக்கு ஏகப்பட்ட ரெஸ்பான்ஸ். 'டிக்கெட் காசு யாரு குடுப்பா?'ன்னு கேட்டதுதான் பாதிக்கு மேல! மீதியில ஒரு லெட்டரை மட்டும் படிச்சுட்டு அப்படியே வெச்சுட முடியலை. கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருந்தது.

'அண்ணே, பெருவுக்கு எப்போ போகணும்னு எழுதிட்டீங்க. எங்க ரூம்ல மூணு பேரு, எங்க ஊருக்கு வரணும்னு மூணு வருஷமா நச்சரிக்கிறாளுங்க. ஒருத்தி ஊட்டி, ஒருத்தி பொள்ளாச்சி, ஒருத்தி நாகர்கோவில். மூணு வீட்டுக்கும் போய் நல்லா சாப்பிட்டுட்டு வந்தாச்சு. எனக்குத் திருச்சுழி பக்கத்துல ஒரு கிராமம். கருவேலங்காட்டைத் தவிர அங்க என்ன இருக்கு? ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பொய் சொல்லித் தப்பிச்சுட்டேன். இது ஃபைனல் இயர். எந்த மாசம் கூட்டிட்டுப் போனா மானம் போகாது?'

கடைசி வரியைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வரலைம்மா. ஏன்னா, நானும் அருப்புக்கோட்டைப் பக்கம்தான். காலேஜ்ல மூணு வருஷமும் 'எந்த ஊரு?'ன்னு கேட்டா 'மதுரை'ன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச ஆளு. அதனால இந்த வாரம் ஃபுல்லா உனக்கான பதில்தான். மத்தவங்களும் படிக்கலாம், தப்பில்லை.

முதல்ல பெரு மேட்டரையே எடுத்துக்கோ. அந்த நாட்டுக்கு 'பெஸ்ட் சீஸன்'னு ஒண்ணு கிடையாது. ஒரே நாட்டுக்குள்ள மூணு வானம். கடற்கரை, ஆண்டிஸ் மலை, அமேசான் காடு. கடலோரத் தலைநகர் லிமாவுல வருஷம் பூரா சேர்த்து 10, 15 மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சாலே அதிகம். ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் சூரியனே சரியாத் தெரியாது. சாம்பல் கலர்ல ஒரு மூட்டம் ஊரையே மூடிக்கிட்டு இருக்கும். அந்த வானத்துக்கு லிமாக்காரங்க வெச்சிருக்கிற பேரு 'கழுதை வயிறு'! அங்கே வெயில் காயணும்னா டிசம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள போகணும். அதே டிசம்பர்ல மலைக்குப் போனா மழை கொட்டும். மச்சு பிச்சுவுக்கு நடந்து போற இன்கா பாதையை பிப்ரவரி மாசம் பூரா இழுத்து மூடிடுவாங்க. மலைக்கு மேல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் தோது. அமேசான்ல இருக்கிற இகிட்டோஸ் ஊருக்கோ ரோடே கிடையாது. படகு இல்லேன்னா விமானம். அங்கே எப்போ போனாலும் மழைதான், கொஞ்சம் மழை, நிறைய மழை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, 'எப்போ வரலாம்?'ங்கிற கேள்விக்கு முன்னால 'எந்தப் பக்கம்?'னு கேட்கணும். நம்ம விருதுநகர் மாவட்டமும் அந்த மாதிரிதான். மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மலையடிவாரம். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, ஓடைன்னு வேற உலகம். கிழக்கே வர வர தரை தட்டையாகி, மண்ணு கறுத்து, அருப்புக்கோட்டை தாண்டித் திருச்சுழி வந்தா கண்ணுக்கு எட்டின வரைக்கும் கரிசலும் மானமும்தான். (இது 'ஆகாசம்' மானம். நீ போயிடும்னு பயப்படுற மானம் இல்லை!)

இன்னொரு விஷயம் சொன்னா ஆச்சரியப்படுவே. அட்லஸை எடுத்துப் பாரு. திருச்சுழி, பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்பதரை டிகிரி. பெருவுல ஹுவாராஸ்னு ஒரு ஊர், தெற்கே அதே ஒன்பதரை டிகிரி. பூமத்திய ரேகையில பேப்பரை மடிச்சா ரெண்டும் ஒரே கோட்டுக்கு வந்துடும். ஆனா ஹுவாராஸ் மூவாயிரம் மீட்டர் உயரத்துல இருக்கு. தலைக்கு மேலே 6,768 மீட்டர்ல ஹுவாஸ்கரான் சிகரம், பனி மூடி நிக்குது. வெயில் அடிக்கிற கோணம் ஒண்ணுதான். அங்கே ஸ்வெட்டர், இங்கே விசிறி! டிகிரியை மட்டும் பார்த்து ஊரை எடை போடக் கூடாதுங்கிறதுக்காகச் சொன்னேன்.

நம்ம ஊர் ஏன் காயுதுன்னா, அதுக்கும் மலைதான் காரணம். ஆனி, ஆடியில தென்மேற்குப் பருவக்காத்து கேரளாவுல மழையைக் கொட்டிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில மோதி, மிச்ச ஈரத்தையும் அங்கேயே பிழிஞ்சு விட்டுட்டு வருது. மலையைத் தாண்டி நம்மகிட்ட வர்றது வெறும் காத்து. அதே ஆனி மாசம் குற்றாலத்துல சாரல்ல நனைஞ்சுகிட்டு ஊரே குதிக்கும். நூத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி திருச்சுழியில கண்ணைத் திறக்க முடியாம புழுதி பறக்கும். ஆடிக் காத்துல அம்மி பறக்குமான்னு தெரியாது, கொடியில காயப்போட்ட துணி பக்கத்துத் தெருவுலதான் கிடைக்கும். அந்த மாசம் ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிடாதே. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கணும்னு அவங்களே ஆசைப்பட்டா மட்டும் கூட்டிட்டுப் போ. கூட்டத்துல தொலையாம இருக்கக் கைகோத்துக்கிட்டு நடங்க.

ஸ்கூல்ல தமிழ் ஐயா 'கார்காலம் ஆவணியும் புரட்டாசியும்'னு நடத்தியிருப்பாரு. பரீட்சையில எழுது, மார்க் கிடைக்கும். நம்ம ஊர்ல அந்த ரெண்டு மாசமும் ஏமாத்து மாசம். பகல்ல காயும். சாயங்காலம் மேற்கே கறுக்கும், இடிக்கும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெய்யும், இந்தப் பக்கம் பெய்யாது. ஆனா விவசாயத்துல நிஜமான சஸ்பென்ஸ் ஆரம்பிக்கிறது அப்பதான். மழை வர்றதுக்கு முன்னாடியே, காய்ஞ்ச புழுதியில விதைச்சு வெச்சுடுவாங்க. புழுதி விதைப்புன்னு பேரு. சரியான மழை வந்தா முளைக்கும். அரைகுறையா ஒரு தூத்தல் போட்டுட்டு நின்னுட்டா முளைச்சதும் கருகிடும். வெதை போச்சு, உழவுக்கூலி போச்சு. 'ஜாதகம் பார்த்துப் பொண்ணு கொடுக்கிற மாதிரி'ன்னு எங்க பெரியப்பா சொல்வாரு. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துல கோவிலாங்குளத்துல வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு. மானாவாரி நிலத்துல இந்தச் சூதாட்டத்தைக் கொஞ்சமாவது குறைக்க முடியுமான்னு பார்க்கிறதுதான் அங்கே வேலையே. அக்ரி படிக்கிற ஃப்ரெண்ட் யாராவது இருந்தா, அவங்களுக்கு மட்டும் புரட்டாசி 'பெஸ்ட் சீஸன்'!

அப்புறம் ஐப்பசி. காத்து திசை மாறும். அதுவரைக்கும் மேற்கே இருந்து அடிச்ச காத்து, வங்கக்கடல் பக்கமா வடகிழக்குல இருந்து ஈரத்தோட வரும். வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர்தான் நம்ம மாவட்டத்தோட மழை. அதுல ஏறக்குறைய பாதி இந்த ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில பெய்ஞ்சாகணும். பெய்ஞ்சா கண்மாய் நிறையும், குண்டாத்துல தண்ணி ஓடும். வருஷத்துல பாதி நாள் மணலும் கருவேலமுமா கிடக்கிற குண்டாறு, கலங்கலா நுரை தள்ளிக்கிட்டு வர்றதைப் பார்க்க ஊரே பாலத்துல நிக்கும். கல்யாண வீட்டுக் கூட்டம் தோத்துடும். காவிரித் தண்ணியை வைகை வழியா இந்தக் குண்டாறு வரைக்கும் கொண்டு வர்ற திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க. அது வரும்போது வரட்டும். ஊர்ப் பெரிசுங்க இன்னும் வானத்தைத்தான் பார்க்குறாங்க.

ஊரோட பேரையே கவனிச்சியா? பழைய பேரு திருச்சுழியல். பிரளய வெள்ளம் வந்தப்போ, சிவன் அதைச் சுழிச்சு பூமிக்குள்ள இறக்கினதால அந்தப் பேருன்னு தலபுராணம் சொல்லுது. சுந்தரர் பாடின ஸ்தலம். திருமேனிநாதர் கோயில் குண்டாத்துக் கரையிலதான் இருக்கு. குடத்தை வெச்சுக்கிட்டுத் தண்ணி லாரிக்குக் காத்திருக்கிற ஊருக்கு, வெள்ளத்தை அடக்கினதால பேரு வந்திருக்குன்னா, பேரு வெச்சவரு பெரிய குறும்புக்காரராத்தான் இருக்கணும்!

அந்த ஐப்பசி மழையோட தலையெழுத்து எங்கே எழுதப்படுதுன்னு நினைக்கிறே? ஓரளவுக்குப் பெரு நாட்டுக் கடல்லதான்! சில வருஷங்கள்ல கிறிஸ்துமஸ் சமயத்துல கடல் தண்ணி சூடாகி, மீனெல்லாம் காணாமப் போறதை அந்த ஊர் மீனவர்கள் கவனிச்சாங்க. குழந்தை இயேசு பேரால அதுக்கு 'எல் நினோ'ன்னு பேரு வெச்சாங்க. பசிபிக் அப்படிச் சூடானா, இந்தியாவுல தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நோஞ்சானாயிடும். ஆனா நம்ம வடகிழக்குப் பருவமழைக்கு அது பல தடவை நல்லதா முடியும், சில தடவை ரொம்ப 'நல்லதா' முடியும். சென்னை மூழ்கின 2015 எல் நினோ வருஷம். 2023-ம் அப்படித்தான். அந்த டிசம்பர்ல தென் மாவட்டங்கள்ல கொட்டின மழையில, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். நம்ம ஊர்ல ஒரு வருஷத்துக்கே அவ்வளவு கிடையாது.

எதிர்ப்பக்கமும் இருக்கு. 2016-ல எல் நினோ முடிஞ்சு பசிபிக் குளிர்ந்துச்சு. தமிழ்நாட்டுல வடகிழக்குப் பருவத்துல 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்துல சுமார் 168தான் பெய்ஞ்சது. 2017 ஜனவரியில அப்போ இருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம்னு அரசு அறிவிச்சது. இங்கே கண்மாய்கள் பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்த அதே மாசங்கள்ல, பெருவோட வடக்குக் கரையோரத்துல மட்டும் கடல் திடீர்னு சூடாச்சு. மார்ச் மாசம் பியூராங்கிற பாலைவன நகரத்துக்குள்ள ஆறு புகுந்துடுச்சு. நமக்கு வராத தண்ணி அங்கே போயிடுச்சுன்னு சொல்லலை, விஞ்ஞானம் அவ்வளவு லேசு இல்லை. ஆனா ரெண்டு ஊரும் ஒரே கடலோட மூடுக்கு ஆடுதுங்க.

பியூரான்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. 'கருவேலங்காட்டைத் தவிர என்ன இருக்கு'ன்னு கேட்டியே... நம்ம சீமைக் கருவேலத்தோட சொந்தக்காரங்க அந்தப் பக்கம்தான் இருக்காங்க. 1870-கள்ல விதை வாங்கி மதராஸ் மாகாணத்துல ஊன்றின வெள்ளைக்காரங்க புண்ணியத்துல இங்கே வந்து சேர்ந்தது. பியூராவுல அதோட கூடப்பிறந்த வகை ஒண்ணு, பேரு அல்கரோபோ. காயைக் காய்ச்சிக் கறுப்பா, தேன் மாதிரி ஒரு பாகு எடுத்து பாட்டில்ல விக்கிறாங்க. பால்ல கலந்து குடிக்கிறாங்க. அங்கே அதைக் கொண்டாடுறாங்க. இங்கே 2017-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 'அகற்று'ன்னு உத்தரவு போட்டது. ஆத்தையும் கண்மாயையும் அடைச்சுக்கிட்டு நிக்கிறதால அகற்ற வேண்டியதுதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா மழை பொய்ச்ச வருஷம் நம்ம ஊர்ல எத்தனை வீட்டுல கரிமூட்டம் போட்டுத்தான் ஃபீஸ் கட்டினாங்கங்கிறது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் முதல் செமஸ்டர் ஃபீஸ்ல கொஞ்சம் கரிவாடை இருந்துச்சு.

மிளகாய் மட்டும் என்ன, அதோட குடும்பத்துக்கும் பூர்வீகம் தென் அமெரிக்காதான். மெக்சிகோவுல பயிராகி, போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்து இறங்கினது. மாசி, பங்குனியில நீ ஊருக்குப் போனா களத்துல சிவப்புக் கம்பளம் விரிச்ச மாதிரி காயும். பக்கத்துக் கமுதி, முதுகுளத்தூர் பக்கத்து முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. போட்டோ எடுக்க அருமையான சீஸன். தும்மல் வந்தா நான் பொறுப்பில்லை!

சித்திரை, வைகாசியைப் பத்திச் சொல்லியே ஆகணும். எல்லாரும் 'அப்போ மட்டும் வராதீங்க'ன்னுதான் சொல்வாங்க. சரிதான், மத்தியானம் தெருவுல நாய் கூட நடக்காது. ரோடு தண்ணி மாதிரி மினுமினுக்கும். கரிசல் வெடிச்சு, வெடிப்புக்குள்ள கை போகும். ஆனா என் கதையைக் கேளு. 'மதுரை'ன்னு நான் விட்ட கதையை நம்பி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஃப்ரெண்ட் ஒருத்தன் மே மாசம் சொல்லாம கொள்ளாம அட்ரஸைக் கண்டுபிடிச்சு வந்து நின்னுட்டான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போயிடலாம் போல இருந்துச்சு. (சித்திரைக் கரிசல்ல அதுக்கு வசதியும் இருந்துச்சு!) அப்பா ஒண்ணும் பேசலை. அவனைக் கூட்டிட்டுப் போய் நுங்கு வெட்டிக் கொடுத்தாரு. ராத்திரி மொட்டை மாடியில படுத்தோம். கரண்ட் இல்லை. அவன் ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்துட்டு, 'இவ்வளவு நட்சத்திரம் எங்க ஊர்ல இல்லடா'ன்னான். காலையில அம்மா ஒரு குடம் தண்ணிக்கு எவ்வளவு தூரம் போய்ட்டு வர்றாங்கன்னு பார்த்தான். குளிக்கிறப்போ அரை வாளியோட நிறுத்திக்கிட்டான். நாங்க யாரும் சொல்லலை. காவிரிக் கரையில பொறந்த பையன்! அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் மதுரைன்னு சொன்னதில்லை.

சரி, உனக்கு மாசம் வேணும் இல்லையா? கார்த்திகை கடைசியில இருந்து தை வரைக்கும். அதுலயும் மார்கழின்னா என் ஓட்டு கண்ணை மூடிக்கிட்டு விழும். மழை ஓஞ்சிருக்கும், கண்மாய்ல தண்ணி கிடக்கும், கொக்கும் நீர்க்காகமும் இறங்கியிருக்கும். கம்பு, சோளம், குதிரைவாலின்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை. மல்லிச்செடி பூத்து நிக்கிற காட்டு வழியா நடந்தா வாசனை சட்டையிலயே ஒட்டிக்கும். ராத்திரியில போர்வை கேட்கும். ஆமா, திருச்சுழியில போர்வை! ஊட்டிக்காரி நம்ப மாட்டா, காட்டிக்கொடு. திருவாதிரைக்குக் கோயில்ல கூட்டம் இருக்கும். ரமணர் இந்த ஊர்ல பொறந்தது 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன ராத்திரியில. அவர் பொறந்த வீடு 'சுந்தர மந்திரம்' கோயிலுக்குப் பக்கத்துலயே இருக்கு. வெளிநாட்டுக்காரங்க எல்லாம் தேடி வந்து உட்கார்ந்து கண்ணை மூடியிருப்பாங்க. பதினாறு வயசுல 1896-ல மதுரையில இருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பின அந்தப் பையன் சின்ன வயசுல விளையாடினது உங்க ஊர்லதான். 'எங்க ஊர்ல என்ன இருக்கு'ன்னு இனிமே என்கிட்ட கேட்கப்படாது, ஆமா!

மழை பொய்ச்ச வருஷமா இருந்தா இதுல பாதி இருக்காது. கண்மாய்ல கிரிக்கெட் ஆடலாம். அதையும் முன்கூட்டியே சொல்லி வெச்சிடு. பியூராக்காரன் மாதிரி நாமளும் கடலுக்குக் கட்டுப்பட்டவங்கதான்னு கெத்தா சொல்லு.

ஒரு எச்சரிக்கை. மழை பெய்ஞ்ச மறுநாள் கரிசல்ல ஃபேன்ஸி செருப்பு போட்டுட்டு இறங்கினா காலு மட்டும்தான் வெளியே வரும், செருப்பை மண்ணு வெச்சுக்கும். நாகர்கோவில்காரிகிட்ட குறிப்பாச் சொல்லு, அவ ஊர் மண்ணு வேற ஜாதி. வெறுங்காலோட நடக்கிறதுதான் சேஃப். கருவ முள்ளு இருக்கான்னு மட்டும் கீழே பார்த்து நடக்கணும்.

கோயம்புத்தூர்ல இருந்து மதுரை வந்துட்டா அப்புறம் கவலையில்லை. காரியாபட்டி வழியா வந்தாலும் சரி, அருப்புக்கோட்டை வந்து பஸ் மாறினாலும் சரி, ரொம்ப தூரம் இல்லை. அருப்புக்கோட்டையில இறங்கினா மல்லிகைப்பூ வாங்கி நாலு பேரும் வெச்சுக்கோங்க. நெசவுக்காரத் தெருவுல தறிச் சத்தத்தையும் அப்படியே கேட்டுட்டு வாங்க.

அம்மாகிட்ட மட்டும் ரெண்டு நாள் முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிடு. நாலு பேருக்குக் குதிரைவாலி குத்திப் புடைக்கணும்ல!